ஹிஜ்ரி 1400-ன் முதல் வதந்தி

ஹிஜ்ரி 1400, முஹர்ரம் மாதத்தின் முதல் நாள். ஆங்கிலக் கணக்கில் 1979 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை. நூற்றாண்டு முறைப்படி பிறப்பது 1401-ல்தான் என்று கணக்கறிந்தோர் சொல்லினும், 1400 என்னும் முழு எண்ணின் கவர்ச்சியால் உலகெங்கும் முஸ்லிம்கள் அந்நாளை ஒரு புதுயுகத்தின் வாயிலாகவே எதிர்நோக்கியிருந்தனர். புனித மக்காவின் ஹரம் ஷரீஃபில் சுபுஹுத் தொழுகையை இமாம் முஹம்மது அஸ்ஸுபைல் அவர்கள் நடத்தி முடித்த மாத்திரத்தில், தொழுகையாளர் கூட்டத்தினூடே துப்பாக்கிகள் தோன்றின. ஒலிபெருக்கி அவர் கையினின்றும் பறிக்கப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட மஹ்தி இதோ வந்துவிட்டார் என்ற அறிவிப்பு மினாராக்களிலிருந்து முழங்கியது. வாயிற்கதவுகள் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டன. உயிருடன் ஓர் எறும்பைக்கூட நசுக்கலாகாத புனித எல்லைக்குள், கஃபாவின் கண்முன்னே, இரத்தம் சிந்தப்பட்டது.

ஜனாஸாக்களைத் தொழவைக்கக் கொண்டுவரும் வழக்கத்தைப் பயன்படுத்தி, சந்தூக்குகளுக்குள் ஆயுதங்களை மறைத்துக் கொண்டுவந்திருந்தனர். செய்தவர் யார்? இன்று இவ்வினாவுக்கு விடை காண்பது எளிது. அன்று எளிதாக இருக்கவில்லை. நாம் இங்கே எழுதப் புகுந்தது முற்றுகையின் வரலாற்றைவிட, அவ்விடை கிடைக்குமுன் உலகம் என்ன செய்தது என்பதைப் பற்றியே.

சவூதி அரசு முதற்செயலாக வாய்மூடிக்கொண்டது. தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. பட்டத்து இளவரசர் ஃபஹ்து அரபு உச்சி மாநாட்டுக்காகத் தூனிஸில் இருந்தார். தேசியக் காவற்படையின் தலைவர் இளவரசர் அப்துல்லாஹ்வும் நாட்டில் இல்லை. மன்னர் காலிதோ, ஹரமுக்குள் ஆயுதம் தாங்கிச் செல்ல உலமாக்களின் ஃபத்வாவை வேண்டிக் காத்திருந்தார். மக்காவில் ஏதோ நடந்துவிட்டது என்னும் செய்தியை உலகுக்கு முதலில் சொன்னது ரியாதன்று, வாஷிங்டன். நம்முடைய கிப்லாவைப் பற்றிய செய்தி நமக்கு அங்கிருந்து வந்தது என்பதே பாதி ஐயத்தை விளைவித்துவிட்டது.

அமெரிக்க அதிகாரிகள் சொன்னதும் தவறாகவே இருந்தது. அவர்கள் கண்ணில் அப்பொழுது ஈரானைத் தவிர வேறொன்றும் படவில்லை. நவம்பர் 4-ஆம் நாள்முதல் டெஹ்ரானில் அவர்களுடைய தூதரகத்தார் பிணைக்கைதிகளாயிருந்தனர். ஆகவே மக்காவைக் கைப்பற்றியவர்களும் ஈரானியராகவே இருக்கக்கூடும் என்று கருதினர். பேரிதழ்களும் அவ்வாறே அச்சிட்டன. மறுநாட் காலையில் டெஹ்ரான் வானொலி அதற்கு எதிர்த்திசையிலிருந்து முழங்கியது. இது அமெரிக்க ஏகாதிபத்தியமும் உலக ஸியோனிஸமும் செய்த செயலாக இருக்கலாம் என்னும் கருத்துப்பட இமாம் கொமைனி அவர்களின் அறிக்கை ஒலிபரப்பாயிற்று. அவர் ஐயமாகச் சொன்னது, கேட்டவர் செவிக்குள் உறுதியாக மாறிற்று. இரு தரப்பாரும் ஹரமுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியார். தம் பகைவன் யார் என்பதை மட்டும் அறிந்திருந்தனர். அவ்வறிவைக் கொண்டே வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டனர்.

நவம்பர் 21 நண்பகலில் இஸ்லாமாபாத்திலுள்ள காயிதே அஸம் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் பேருந்துகளில் புறப்பட்டு அமெரிக்கத் தூதரகத்தைச் சூழ்ந்தனர். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இந்துமாக்கடலை நோக்கி வருகின்றன என்ற செய்தியும், மக்காச் செய்தியும், டெஹ்ரான் ஒலிபரப்பும் ஒன்றுடனொன்று பின்னிப் பிணைந்து, அமெரிக்கர் ஹரமைத் தாக்கிவிட்டனர் என்று உருவெடுத்திருந்தது. தூதரகம் எரிந்தது. ஏறத்தாழ நூற்று நாற்பது பேர் மேல்மாடியின் இரும்புக் கதவுடைய அறையொன்றில் அடைந்துகொண்டு, கீழே தரை சூடேற, புகையினூடே ஐந்து மணிநேரத்துக்கும் மேலாகக் கிடந்தனர். அன்று ஜெனரல் ஜியாவுல் ஹக் ராவல்பிண்டித் தெருக்களில் மிதிவண்டியில் சென்று மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். படை வந்துசேர மாலையாயிற்று. அமெரிக்கர் இருவர் இறந்தனர். தூதரகத்தில் ஊழியம் செய்த பாகிஸ்தானியர் இருவரும் இறந்தனர். ஆர்ப்பாட்டக்காரரிலும் இருவர் மாண்டனர். டிசம்பர் 2-ல் திரிபோலியிலும் ஓர் அமெரிக்கத் தூதரகம் தீக்கிரையாயிற்று.

தூதரக ஊழியரான அந்த இரு பாகிஸ்தானியரும் பிழைப்புக்காக அலுவலகம் சென்றவர்கள். ஹரமின் மானம் காக்கப் புறப்பட்டோம் என்று எண்ணியவர்களின் தீயில் அவர்கள் உயிர் போயிற்று. வதந்தி என்பது வாயாடிகளின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஹரமைக் கைப்பற்றியவர் யார்? அவர்களின் தலைவர் ஜுஹைமான் அல்உதைபி, நஜ்துப் பகுதியின் சாஜிர் என்னும் இக்வான் குடியிருப்பைச் சேர்ந்தவர். சவூதித் தேசியக் காவற்படையிலேயே பல்லாண்டு பணியாற்றியவர். மதீனாவில் மார்க்கக் கல்வி கேட்டவர். அரச குடும்பத்தைச் சாடி அவர் எழுதிய நிருபங்கள் 1978-ல் குவைத்தில் அச்சாகிப் பரவியிருந்தன. அவருடைய கூட்டத்தாருள் பலர் அதே ஆண்டில் பிடிபட்டு, பின் விடுவிக்கப்பட்டவர்கள். மஹ்தி என்று அறிவிக்கப்பட்டவர் அவருடைய தோழர் முஹம்மது அப்துல்லாஹ் அல்கஹ்தானி, முற்றுகையின்போதே கொல்லப்பட்டார். டிசம்பர் 4-ஆம் நாள், நிலவறைகளில் கடைசிவரை போரிட்ட ஜுஹைமான் உயிருடன் பிடிபட்டார். அரசு தந்த கணக்கின்படி படையினரில் மட்டும் 127 பேர் இறந்தனர், 451 பேர் காயமுற்றனர். 1980 ஜனவரி 9-ல் சவூதி நகரங்கள் பலவற்றில் 63 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் 41 பேர் சவூதிகள், 10 பேர் எகிப்தியர். எஞ்சியோர் யமன், குவைத், ஈராக், சூடான் நாட்டினர். ஈரானியர் ஒருவருமில்லை. அமெரிக்கரும் இல்லை.

பிரெஞ்சு நாட்டின் சிறப்புக் காவற்படையினர் சிலர் மயக்கப் புகையுடனும் பயிற்சியுடனும் சவூதிப் படைக்கு உதவினர் என்பது உண்மை. இவ்வுண்மையின் மீது பிற்காலத்தில் எழுப்பப்பட்ட கற்பனைக் கோபுரங்கள் பல. மெய்யின் ஒரு செங்கல் இல்லாமல் பொய்க் கோபுரம் உயர்வது அரிது போலும்.

நாம் மேலே செல்லுமுன், மதீனாவின் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர வேண்டும். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் திரட்டிவர வலீத் பின் உக்பா என்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவரை வரவேற்க அக்கூட்டத்தார் திரண்டு வந்தனர். பழம்பகை நெஞ்சில் உறுத்த, தம்மைக் கொல்ல வருகின்றனர் என்று அஞ்சிய வலீத் பாதி வழியிலேயே திரும்பி, அவர்கள் ஸகாத்தை மறுத்துவிட்டனர், என்னைக் கொல்லவும் துணிந்தனர் என்று அறிவித்தார். மதீனாவில் சினம் மூண்டது. படையெடுப்புப் பேச்சு எழுந்தது. செய்தியைச் சரிபார்க்க காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டதாகவும், இரவில் சென்று நோட்டமிட்ட அவர்களின் செவியில் அக்கூட்டத்தாரின் பாங்கொலி விழுந்ததாகவும் சில அறிவிப்புகள் கூறுகின்றன. ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் இந்நிகழ்ச்சியை ஒட்டியே அருளப்பெற்றது என்பர் விரிவுரையாளர் பலர். தீயவன் ஒருவன் செய்தி கொணர்ந்தால் தீர விசாரியுங்கள், இன்றேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்துவீர்கள் என்பது அதன் கருத்து. போரா அமைதியா என்னும் அரசியல் வினாவிலேயே இக்கட்டளை பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

அக்கட்டளையிலிருந்து நம் முன்னோர் ஒரு கலையையே வளர்த்தெடுத்தனர். உதுமான் (ரலி) அவர்களின் ஷஹாதத்தை அடுத்து எழுந்த குழப்பங்களில் ஆளாளுக்கு நபிமொழி சொல்லத் தொடங்கியபோது, சொல்பவன் யார், அவனுக்குச் சொன்னவன் யார் என்று பெயர் கேட்கும் வழக்கம் பிறந்ததாக இப்னு சீரீன் (ரஹ்) குறிப்பிடுகிறார். அறிவிப்பாளர் தொடரில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரு காலத்தவராயிருந்தால் மட்டும் போதாது, ஒருவரையொருவர் சந்தித்ததும் தெரியவேண்டும் என்று இமாம் புகாரி (ரஹ்) வற்புறுத்தினார். ராவியின் நினைவாற்றல், நேர்மை, அவர் சார்ந்த கட்சி எல்லாம் எடைபோடப்பட்டன. செய்தி நமக்கு உவப்பானதா என்பது அளவுகோலாக இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்களைப் போற்றும் செய்தியாயினும் தொடர் முறிந்திருந்தால் தள்ளினர்.

இஸ்லாமாபாத் மாணவர்களை அன்று ஒருவர் நிறுத்தி, ஹரமில் அமெரிக்கரைக் கண்டவர் யார் என்று கேட்டிருந்தால், தொடர் வானொலியோடு நின்றிருக்கும். வானொலிக்குச் சொன்னவர் எவருமில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பே. வல்லரசுகள் சதி செய்வதில்லையா? செய்திருக்கின்றன. அதுவும் நம் நாடுகளில், நம் மக்கள் மீது, பலமுறை. சதி என்று சொன்னாலே நகைப்பதும், எல்லாமே சதி என்று நம்புவதும் விசாரிக்கும் தொல்லையிலிருந்து தப்ப மனிதன் கண்ட இரு குறுக்குவழிகள். சூயஸ் கால்வாயின் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1956 ஜூலை 26-ல் எகிப்தின் அதிபர் ஜமால் அப்துல் நாஸர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் 29-ல் இஸ்ரேல் சினாயினுள் பாய்ந்தது. மறுநாள் பிரிட்டனும் பிரான்சும் நடுவர்களைப் போல எழுந்து நின்று, இரு படைகளும் கால்வாயிலிருந்து பத்து மைல் விலகவேண்டும் என்று இறுதி எச்சரிக்கை விடுத்தன. இஸ்ரேலியப் படை கால்வாயை எட்டவே இல்லை; எகிப்தோ தன் மண்ணில் நின்றது. எகிப்து மறுத்தது. 31-ல் குண்டுகள் விழுந்தன. நவம்பர் 5-ல் போர்ட் சயீத் மீது வான்குடைப் படை இறங்கியது. மூவரும் கூடிப் பேசிச் செய்த செயல் இது என்று கெய்ரோ கூறியது. லண்டனில் எதிர்க்கட்சியினரும் அவ்வாறே வினவினர். 1956 டிசம்பர் 20-ல் பிரதமர் ஈடன் காமன்ஸ் சபையில் எழுந்து, இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை என்று உரைத்தார்.

உண்மை வேறு. அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னுமிடத்தில் ஒரு மாளிகையில் பென்குரியன், மோஷே தயான், ஷிமோன் பெரஸ் ஆகியோர் பிரெஞ்சுப் பிரதமர் கீ மொல்லே, வெளிநாட்டமைச்சர் பினோ முதலியோருடன் கூடியிருந்தனர். பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சர் செல்வின் லாயிட் இரகசியமாக வந்து சென்றார். யார் என்று தாக்குவது, யார் என்று எச்சரிப்பது என்பதெல்லாம் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்டது. பிரிட்டன் சார்பில் ஒப்பமிட்டவர் பாட்ரிக் டீன் என்னும் அதிகாரி. எழுத்தில் ஒன்று உண்டாகிவிட்டது என்றறிந்த ஈடன் திடுக்கிட்டு, பிரெஞ்சுப் படியையும் வாங்கி அழித்துவிட ஆளனுப்பினார், பிரெஞ்சுக்காரர் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் படி அழிக்கப்பட்டது. பென்குரியன் தம் படியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இப்பொழுது அறிவிப்பாளர்களை வரிசைப்படுத்துவோம். போரை எதிர்த்துப் பதவி துறந்த பிரிட்டிஷ் துணையமைச்சர் அந்தோணி நட்டிங் பதினோராண்டு மௌனத்துக்குப்பின் 1967-ல் நூலெழுதினார். அவர் செவ்ரில் இருந்தவரல்லர். ஆயினும் ஈடனின் அமைச்சில் உள்ளிருந்து கண்டவர். 1976-ல் தயானும் பினோவும் தத்தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினர்; இவ்விருவரும் அந்த அறையில் இருந்தவர்கள். இருவரும் வெவ்வேறு நாட்டினர். எகிப்தின் கூற்றை மெய்ப்பிப்பதால் அவர்களுக்கு இலாபம் ஏதுமில்லை. 1990-களில் இஸ்ரேலியப் படியும் வெளிவந்தது. தனக்கெதிராகத் தானே சொல்லும் சாட்சியைவிட வலுவான சாட்சி எந்த நீதிமன்றத்தில் கிடைக்கும்?

இதற்கு ஈராண்டு முன்னர், 1954 ஜூலையில், அலெக்சாந்திரியாவின் அஞ்சலகத்திலும், அந்நகரிலும் கெய்ரோவிலும் இருந்த அமெரிக்க நூலகங்களிலும் தீக்குண்டுகள் வெடித்தன. திரையரங்கு ஒன்றின் வாயிலில், ஓர் இளைஞனின் சட்டைப்பையிலேயே குண்டு பற்றிக்கொண்டதால் கூட்டம் பிடிபட்டது. எகிப்திய யூதர் சிலரைக் கொண்டு இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறை நடத்திய வேலை அது. பழி எகிப்தியர் மீது விழவேண்டும், பிரிட்டிஷ் படை கால்வாய்ப் பகுதியை விட்டு அகலக்கூடாது என்பது நோக்கம். இருவர் தூக்கிலிடப்பட்டனர். இஸ்ரேல் நெடுங்காலம் மறுத்தது. 2005-ல் அந்நாட்டின் அதிபர் கட்சாவ், உயிரோடிருந்தவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் அளித்தார். பொய்ப்பழி சுமத்தும் சதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈரானில் 1953 ஆகஸ்ட் 19-ல் பிரதமர் முஸத்திக் கவிழ்க்கப்பட்ட கதை வாசகர்கள் அறிந்ததே. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய அவர் மூன்றாண்டு சிறையிலும், பின்னர் 1967-ல் இறக்குமட்டும் அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவலிலும் வாடினார். அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் கைவேலை இது என்று ஈரானியர் சொன்னபோது, கீழ்நாட்டாரின் கற்பனை என்றனர். 2000-ல் உளவுத்துறையின் உள்வரலாறு நியூயார்க் டைம்ஸ் வாயிலாக வெளிவந்தது. 2013-ல் வெளியான ஆவணங்களில் அத்துறையே தன் பங்கை ஒப்புக்கொண்டது. 1979-ல் டெஹ்ரான் வானொலியை மக்கள் ஏன் நம்பினர் என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. முன்பு ஏமாற்றப்பட்டவன் எதையும் நம்பத் தயாராயிருக்கிறான். அதற்காக அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் 1953-ல் நடந்தது, 1979-ல் நடந்ததற்குச் சாட்சியாகாது. திருடன் என்று பெயரெடுத்தவனாயினும், இன்றைய திருட்டுக்கு இன்றைய சாட்சி வேண்டும் என்பதே நம் ஷரீஅத்தின் நீதி.

இவ்வளவுகோலை அரண்மனைகளுக்கும் நீட்ட வேண்டும். வதந்தியை நம்புவது தெருவில் நிற்பவன் மட்டுமன்று. 2003 பிப்ரவரி 5-ல் அமெரிக்க வெளிநாட்டமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமர்ந்து, ஈராக்கிடம் நடமாடும் நச்சுக்கிருமி ஆலைகள் உண்டு என்றார். அச்செய்தியின் மூல ராவி ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஓர் ஈராக்கியர். கர்வ்பால் என்பது அவருக்கு உளவுத்துறை இட்ட புனைபெயர். போருக்கு முன் அமெரிக்க மத்திய உளவுத்துறையினர் அவரை நேரில் விசாரித்ததே இல்லை. சந்திப்பு இல்லாத தொடர்! புகாரி இமாமின் மாணவன் ஒருவன் வாஷிங்டனில் எழுத்தராக இருந்திருந்தாலும் அச்செய்தியை ஓரங்கட்டியிருப்பான். 2004-ல் அமெரிக்கர் தாமே நடத்திய ஆய்வு, அத்தகைய ஆயுதக் குவியல் ஏதும் இல்லை என்று முடிவுகட்டியது. 2011-ல் அந்த ராவி, தாம் புனைந்து கூறியதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் பக்தாத் நகரம் பட்டதை எழுத நமக்குத் தாள் போதாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தன. நான்கு விமானங்களாலும் 2,977 பேர் உயிரிழந்தனர். அன்று நாலாயிரம் யூதர்கள் வேலைக்கு வரவில்லை என்னும் பேச்சு நம் பள்ளிவாசல் திண்ணைகளிலும் கல்யாணப் பந்திகளிலும் உலவியது; இன்றும் கைபேசிகளில் உலவுகிறது. நாலாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? தாக்குதல் நடந்த பகுதிகளில் இருந்திருக்கக்கூடிய இஸ்ரேலியர் நாலாயிரம் பேரின் பெயர்களை அந்நாட்டு வெளியுறவுத்துறை திரட்டியதாக ஜெரூசலம் போஸ்ட் இதழில் ஒரு செய்தி வந்தது. தேடப்பட்டவர்கள், சில நாட்களில் வராதவர்கள் ஆனார்கள். பெய்ரூத்தின் அல்மனார் தொலைக்காட்சி அதனை உலகெங்கும் பரப்பிற்று. இறந்தோரில் யூதர்கள் பலர் இருந்தனர் என்பதை அந்நகரின் இடுகாடுகளே சொல்லும். 2004 அக்டோபரில் ஒளிபரப்பான நாடாவில், இதனைச் செய்வித்தது தானே என்று உசாமா பின்லாதின் தன் வாயாலேயே கூறினார். செவ்ர் ஒப்பந்தத்தில் தயானின் வாக்குமூலத்தை ஏற்கும் நாம், இங்கே பின்லாதினின் வாக்குமூலத்தைத் தள்ளுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

யூதர்கள் கூடி உலகையாளத் திட்டமிட்ட இரகசியக் குறிப்புகள் என்று ஒரு நூல் அரபியிலும் வேறு மொழிகளிலும் அச்சாகி வருகிறது. 1903-ல் ஜார் ஆட்சியின் ரஷ்யாவில் வெளிவந்த போலி அது. மூன்றாம் நெப்போலியனைச் சாட 1864-ல் மோரிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடப்பட்டது என்று 1921-ல் லண்டன் டைம்ஸ் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஜோலியின் நூலில் யூதரைப் பற்றிப் பேச்சே இல்லை. பலஸ்தீனத்தாரின் வழக்கு நிலத்தாலும் குடியுரிமையாலும் அகதிகளின் கணக்காலும் நிற்கும் வழக்கு. அதற்கு ஜாரின் காவலர் காலத்துப் பொய்யைச் சாட்சியாக அழைத்தால், எதிர்வழக்கறிஞனின் வேலை எளிதாகிவிடுகிறது.

மறுபுறமும் இதே நோய் நம்மைத் தீண்டியதுண்டு. பாகிஸ்தானில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் அந்நகரக் காவல்துறையின் பயிற்சி மாணவராகவும், முதலுதவி பயின்றவராகவும் இருந்தார். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் அவரைக் காணவில்லை. இரட்டைக் கோபுரங்களில் வேலையில்லாதவர் காணாமற் போனது ஏன், தாக்கியவர்களுக்கு உடந்தையோ என்று சந்தேகம் கிளம்பிற்று, பத்திரிகையிலும் வந்தது. குடும்பத்தார் வினாக்களுக்கு விடை சொல்லிச் சொல்லி ஓய்ந்தனர். 2002 மார்ச்சில், இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட எச்சங்கள் அவருடையவை என்று அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. வேலைக்குப் போகும் வழியில் புகையைக் கண்டு, காயமுற்றோருக்கு உதவ ஓடியிருந்தார். அடுத்த மாதம் மன்ஹாட்டன் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடந்தபோது, நகர மேயரும் காவல்துறை ஆணையரும் வந்து நின்றனர்.